ஐந்து சிவப்புக்கு ஒரு கத்தி: ஒரு கேம் அப்டேட்டும் ஒரு மார்த்தாண்டத்துச் சேமிப்பும்

2025 அக்டோபர் 23, வியாழக்கிழமை காலை. தீபாவளி கழிந்து மூன்றாம் நாள். மார்த்தாண்டத்திலிருந்து அக்கா மகன் ஃபோன் பண்ணினான். "மாமா, நைஃப் எல்லாம் பாதி விலைக்கு வந்துட்டு." தூக்கக் கலக்கத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பின்கட்டில் கிடக்கும் வெட்டோத்திதான். அது விலை குறைந்தால் இவனுக்கென்ன நஷ்டம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொன்னான்: கவுன்ட்டர் ஸ்ட்ரைக், புது அப்டேட்.

அவனுக்கு 26 வயது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை, குழித்துறையிலிருந்து தினமும் ரயில். காலேஜ் காலத்திலிருந்தே இந்த விளையாட்டுதான். பெயர் வேண்டாம், கணக்கை எழுதிக்கொள்ளுங்கள் என்று ஸ்க்ரீன்ஷாட்டும் பேங்க் மெசேஜும் காட்டினான். அவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. 2004 முதல் சில வருடங்கள் தக்கலையில் ப்ரவுசிங் சென்டர் நடத்தியவன், அவ்வளவுதான். ஆனால் ஒரு விளையாட்டின் சந்தை ஒரே இரவில் கவிழ்வதை அப்போதே ஒருமுறை, என் கையையும் சுட்டுக்கொண்டு, பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் இருந்த சரக்கு

விளையாடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. வால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. 2013 ஆகஸ்ட்டில் இதில் 'ஸ்கின்' வந்தது. துப்பாக்கிக்கு மேல் பூசிய வர்ணம், அவ்வளவுதான். வர்ணம் பூசினால் குண்டு வேகமாகப் போகாது. ஆனாலும் அதற்கு ஒரு சந்தை உண்டாகி, பன்னிரண்டு வருடத்தில் அது எங்கேயோ போய்விட்டது.

ஸ்கின் வருவது பெரும்பாலும் 'கேஸ்' என்ற பெட்டியிலிருந்து. பெட்டியைத் திறக்க 2.49 டாலர் கொடுத்துச் சாவி வாங்க வேண்டும். உள்ளே என்ன கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். சீன அரசின் விதிப்படி 2017ல் அந்த அதிர்ஷ்டத்தின் அளவை வெளியிட வேண்டி வந்தது. நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, பிங்க் 3.2, சிவப்பு 0.64. கடைசியில் தங்க நிறத்தில் வருவது, அதாவது கத்தியோ கையுறையோ, வெறும் 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டி உடைத்தால் ஒரு கத்தி. சாவிச் செலவு மட்டும் ஏறக்குறைய 960 டாலர்.

தம்பியின், அதாவது அக்கா மகனின், கணக்கு இப்படி. 2023 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி நான்கு கத்திகளும் இரண்டு ஜோடி கையுறைகளும் சேர்த்திருந்தான். போட்ட காசு மொத்தம் 1,90,000 ரூபாய். அக்டோபர் 22 இரவு வெளிச்சந்தைத் தளத்தில் அவன் இன்வென்ட்டரியின் விலை 2,70,000. வங்கி வைப்புநிதியில் போட்டிருந்தால் இதில் பாதி லாபம்கூட வந்திருக்காது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். பொய்யில்லை, வந்திருக்காதுதான்.

கடைசி ஜோடிக் கையுறையை அவன் வாங்கியது அக்டோபர் 19ஆம் தேதி, தீபாவளிக்கு முந்தின நாள். விலை 42,000. தீபாவளி போனசும், தெருவில் ஒரு அக்கா நடத்தும் சீட்டில் எடுத்த பணமும் அதில் போனது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவில் மாறியது ஒரு வரி

இந்த விளையாட்டில் 'ட்ரேட் அப்' என்று ஒரு வசதி வெகுநாளாக உண்டு. ஒரே நிறத்தில் பத்து ஸ்கின் கொடுத்தால் அதற்கு மேல் நிறத்தில் ஒன்று கிடைக்கும். பத்து நீலத்துக்கு ஒரு ஊதா, பத்து ஊதாவுக்கு ஒரு பிங்க், பத்து பிங்குக்கு ஒரு சிவப்பு. அத்தோடு ஏணி முடிந்துவிடும். சிவப்புக்கு மேலே கத்தி இருந்தாலும் அங்கே ஏறப் படி கிடையாது. கத்தி வேண்டுமா, பெட்டியை உடை, இல்லையென்றால் உடைத்தவனிடம் வாங்கு.

அமெரிக்க நேரப்படி அக்டோபர் 22 அன்று வந்த அப்டேட்டில் அந்தப் படி போடப்பட்டது. ஐந்து சிவப்புக் கொடுத்தால் அந்தத் தொகுப்பைச் சேர்ந்த ஒரு கத்தியோ கையுறையோ கிடைக்கும். எத்தனை பேரைச் சுட்டோம் என்று எண்ணிக் காட்டும் 'ஸ்டாட்ட்ராக்' வகையில் ஐந்து கொடுத்தால் அதே வகைக் கத்தி. முன்னறிவிப்பு கிடையாது, காலக்கெடு கிடையாது. அப்டேட் குறிப்பில் சில வரிகள்தான்.

அவ்வளவுக்கே கத்திச் சந்தை கவிழ்ந்தது. அதற்கு முன் இந்த விளையாட்டின் பொருட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை மதிப்பு சுமார் 600 கோடி டாலர் என்று சந்தையைக் கவனிக்கும் தளங்கள் காட்டிக்கொண்டிருந்தன. ஓரிரு நாளில் அதில் ஏறக்குறைய 170 முதல் 200 கோடி டாலர் காணாமல் போனது. பல கத்திகள் பாதி விலைக்கு வந்தன. அதே மணி நேரத்தில் சிவப்பு ஸ்கின்கள் பல மடங்கு ஏறின. செய்திகளில் முதல் பாதிதான் தலைப்பானது. எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

ஒட்டுப்பாலும் ஷீட்டும்

அத்தானுக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. 2011ல் கிலோ 240 ரூபாய் வரை போய், 2016ல் நூறுக்கும் கீழே விழுந்ததைப் பார்த்த குடும்பம் அது. அதனால் மகனுக்கு ரப்பரை வைத்தே சொன்னேன்.

சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலுக்கு ஒரு விலை, அடித்து உலர்த்திய முதல்தர ஷீட்டுக்கு ஒரு விலை. திடீரென்று ஒரு காலையில் யாரோ வந்து, "ஐந்து கிலோ ஒட்டுப்பால் கொண்டுவா, இந்தா ஒரு கிலோ முதல்தர ஷீட்" என்று ஊர் ஊராக மெஷின் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து ஷீட் விலையை யார் தீர்மானிப்பார்? ஒட்டுப்பால்தான். ஷீட் வைத்திருந்தவன் தலையில் கை வைப்பான், மூலையில் ஒட்டுப்பால் குவித்து வைத்திருந்தவன் சிரிப்பான். உலகத்தில் ரப்பர் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. எது எதற்கு ஈடு என்ற விகிதம் மட்டும் மாறியது.

கத்தியிலும் அதுதான் நடந்தது. புரிவதற்காக வட்டத் தொகையில் சொல்கிறேன்: சிவப்பு ஒன்று 400 ரூபாய், கத்தி 8,000 ரூபாய். நேற்று வரை இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. இன்று ஐந்து சிவப்பை 2,000 ரூபாய்க்கு வாங்கி உருக்கினால், அதாவது ட்ரேட் அப்பில் கொடுத்தால், 8,000 ரூபாய் சரக்கு. சும்மா இருப்பார்களா? எல்லோரும் சிவப்பை வாங்க ஓடினார்கள், உருக்கினார்கள், கத்தியை விற்கக் கொண்டுவந்தார்கள். சிவப்பு ஏற, கத்தி இறங்க, இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும் வரை இது நிற்காது.

இதற்கு மேலே ஒரு கணக்கு இருக்கிறது. தம்பிக்கு இதைப் போட்டுக் காட்டியபோதுதான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. பத்தாயிரம் பெட்டி உடைத்தால் தங்கம் 26, சிவப்பு 64. பழைய விதியில் 26 தங்கத்தோடு கதை முடிந்தது. புது விதியில் 64 சிவப்பையும் உருக்கினால் இன்னும் பதின்மூன்று வரும். பிங்க் 320ஐயும் பத்துப் பத்தாகச் சிவப்பாக்கி, அதை உருக்கினால் ஆறு. ஊதாவையும் நீலத்தையும் அப்படியே மேலேற்றினால் இன்னும் நாலைந்து. எல்லாவற்றையும் உருக்கிவிட்டால் 26 இருந்த இடத்தில் ஏறத்தாழ 50. யாரும் எல்லாவற்றையும் உருக்கப் போவதில்லை, அது வேறு. ஆனால் வரத்து இரண்டு மடங்காகக்கூடிய ஒரு பொருளை நேற்றைய விலைக்கு இன்று யார் வாங்குவார்?

இன்னொரு பக்கமும் உண்டு. பெட்டி உடைத்து ஐந்து சிவப்பு எடுக்கச் சராசரியாக 780 பெட்டி வேண்டும். நேராகக் கத்தி எடுக்க 385 போதும். அப்படியானால் புதிதாகப் பெட்டி உடைத்து, சிவப்பாகச் சேர்த்து, கத்தியாக்குவது நஷ்டக் கணக்கு. முதல் வாரத்தில் விலையைச் சரித்தது புது வரத்து இல்லை. பன்னிரண்டு வருடமாக மூலையில் மலிவாகக் கிடந்த பழைய சிவப்பு. அது கரையக் கரைய உருக்குகிற வேகம் குறையும். எந்தப் பெட்டியின் சிவப்பு ஊரெல்லாம் கிடைக்கிறதோ அதன் கத்திக்கு அடி அதிகம். சிவப்பே அரிதான பழைய பெட்டியின் கத்திக்கு அடி குறைவு. "என்னுடைய நைஃப் எந்தப் பெட்டி?" என்று அன்று காலையிலேயே பார்த்தவர்கள் நிதானமாக முடிவெடுத்தார்கள். தம்பி அதைப் பார்த்தது நான்காம் நாள்.

இரண்டு பேர், ஒரே வாரம்

அவன் முதலில் செய்தது, ஆறில் மூன்றை முந்தின இரவு விலையில் பத்து சதவீதம் குறைத்து விற்பனைக்குப் போட்டது. அந்த விலைக்கு ஆளே இல்லை. மதியம் இன்னும் பத்து குறைத்தான். சந்தை அதற்குள் இருபது இறங்கியிருந்தது. சாயங்காலம் ரயிலில் நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. பாறசாலை தாண்டியபோது ஒரு முறை குறைத்தானாம், குழித்துறையில் இறங்கும்போது அதுவும் பழைய விலையாகிவிட்டது.

கையுறை? அதைத் தொடவே முடியவில்லை. 2025 ஜூலையில் வந்த ஒரு விதிப்படி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிய பொருள் ஏழு நாள் பூட்டில் இருக்கும். போட்டு விளையாடலாம். விற்க முடியாது, மாற்ற முடியாது, உருக்கவும் முடியாது. அக்கவுன்ட்டைத் திருடிப் பொருளைக் கடத்துகிறவர்களிடமிருந்து காப்பாற்ற வந்த நல்ல விதிதான். 19ஆம் தேதி வாங்கிய கையுறை 26 வரை பூட்டில் கிடந்தது. விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் செய்ய முடியாது. பூட்டுத் திறந்த அன்று 25,000க்குக் கொடுத்தான். 24ஆம் தேதி மாலையில் ஆறுக்கும் சேர்த்து மதிப்பு 1,45,000 என்று ஸ்க்ரீன்ஷாட் சொல்கிறது. இரண்டு இரவில் 46 சதவீதம் போய்விட்டது. போட்ட காசுக்கே 45,000 குறைவு.

அவனோடு விளையாடும் ஒருவன் குளச்சல். காலேஜ் கடைசி வருடம். கத்தி வாங்க வசதியில்லாத பையன். துப்பாக்கி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மலிவான சிவப்புகளாகச் சேர்த்து வைத்திருந்தான். எழுபது சிவப்பு, சராசரியாக 450 ரூபாய்க்கு வாங்கியது. மொத்தம் 31,500. "இது ஒட்டுப்பால்டே" என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் குப்பை என்று தம்பியே கேலி செய்திருக்கிறான்.

23, 24 இரண்டு நாளில் அவன் ஐம்பது சிவப்பைச் சராசரியாக 1,700 ரூபாய்க்கு விற்றான். வாங்கியவர்கள் கொடுத்தது 85,000. வால்வே நடத்தும் ஸ்டீம் என்ற தளத்தின் சந்தைக் கழிவு போக இவன் கைக்கு ஏறக்குறைய 74,000. மீதி இருபதை உருக்கி நான்கு கத்தி எடுத்தான். ஒன்று நல்லது, மூன்று சுமார்.

கைக்கு என்று எழுதிவிட்டேன், தவறு. ஸ்டீம் சந்தையில் விற்ற பணம் ஸ்டீம் வாலட்டில்தான் விழும். அங்கிருந்து வங்கிக்கு வராது. கேம் வாங்கலாம், மறுபடி ஸ்கின் வாங்கலாம். குளச்சல்காரனிடம் இப்போது 74,000 ரூபாய் இருக்கிறது, அதில் ஒரு கட்டுமரத்துக்கு வலைகூட வாங்க முடியாது என்று அவன் அப்பா சொன்னாராம். தம்பி விற்றது வெளித் தளத்தில். அங்கே ரூபாய் வங்கிக்கு வரும், ஆனால் தளம் ஓடிப்போனால் கேட்க நாதியில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு சந்தை, இரண்டு விலை. காரணம் இந்த வாலட் சுவர்தான்.

வால்வ் ஏன் இதைச் செய்தது? அவர்கள் விளக்கம் தரவில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். ஸ்டீம் சந்தையில் ஒரு பொருளை 2,000 டாலருக்கு மேல் விற்க முடியாது, அதற்கு மேல் விலையுள்ள கத்தியெல்லாம் வெளித் தளங்களில்தான் கைமாறும். அங்கே நடக்கும் விற்பனையில் நிறுவனத்துக்கு ஒரு பைசா கிடையாது. கத்தி விலை இறங்கினால் வியாபாரம் உள்ளே வரும், ஒவ்வொரு கைமாற்றிலும் கழிவு கிடைக்கும். போதாததற்கு மலிவான சிவப்பு உருகுவதால் பெட்டிக்கும் சாவிக்கும் மவுசு கூடும். இது சரியாக இருக்கலாம், அவர்கள் மனதில் வேறேதும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஸ்டீம் கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் சம்மதித்த பக்கத்தில், இவை உரிமம் மட்டுமே, உங்கள் சொத்தல்ல, பண மதிப்புக் கிடையாது என்று இருக்கிறது.

தக்கலை, 2008 ஜனவரி

இப்போது என் கதை. சென்டரில் ஒன்பது கம்ப்யூட்டர். சாயங்காலம் ஆனால் பாதியில் ரூன்ஸ்கேப் ஓடும். இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ப்ரவுசரிலேயே திறக்கும் என்பதால் ப்ரவுசிங் சென்டருக்கென்றே செய்த கேம் மாதிரி இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நடத்தியது, 2001ல் தொடங்கியது. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், விற்றால் தங்க நாணயம். நானும் ஆள் இல்லாத நேரத்தில் மரம் வெட்டி வெட்டிச் சேர்த்தேன். அதில் ஐந்து லட்சம் நாணயத்தைப் பத்மநாபபுரத்துக்காரப் பையன் ஒருவனுக்குக் கவசம் வாங்கக் கடன் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

2008 ஜனவரி 2 அன்று அப்டேட் வந்தது. நிஜப் பணத்துக்கு நாணயம் விற்கும் கும்பல்களை ஒழிக்க, சமமில்லாத கொடுக்கல் வாங்கலையே நிறுத்திவிட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்கு 3,000 நாணய வித்தியாசத்துக்கு மேல் யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. பையன் நேர்மையானவன், திருப்பித் தர வந்தான். கணக்குப் பார்த்தோம்: 167 தடவை, ஏறக்குறைய 42 மணி நேரம், இரண்டு கம்ப்யூட்டரில் எதிரெதிரே உட்கார்ந்து. மூன்று தடவைக்குப் பிறகு இருவரும் சிரித்துவிட்டு எழுந்தோம். அந்தக் கடன் இன்றும் நிற்கிறது.

அதைவிட வேடிக்கை அடுத்து நடந்தது. அதே சமயத்தில் வந்திருந்த பொதுச் சந்தையில் ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனம் ஒரு வழிகாட்டி விலை வைத்தது. ஐந்து சதவீதம் மேலே கீழேதான் போகலாம். உண்மையான மதிப்பு அதைவிட அதிகமான அரிய பொருட்களை எப்படி விற்பது? 'ஜங்க்' என்ற பழக்கம் வந்தது. காகிதத்தில் விலை இருந்தும் யாரும் வாங்காத குப்பைப் பொருட்களை மூட்டையாகச் சேர்த்துக் கொடுத்து விலையை ஈடு கட்டினார்கள். நம் ஊரில் நிலம் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. விதி வந்ததும் சந்தை செத்துவிடவில்லை, சந்துக்குள் புகுந்துகொண்டது.

2011 ஜனவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 12 லட்சத்துக்கும் மேல் வாக்குகள், 91 சதவீதம் பேர் பழைய முறையைக் கேட்டார்கள். பிப்ரவரி 1 அன்று சுதந்திர வியாபாரம் திரும்பி வந்தது. மறுநாளே ஜங்க் மூட்டை வைத்திருந்தவர்கள் கையில் இருந்தது வெறும் ஜங்க். மூன்று வருடம் பணமாக நடமாடிய பொருள் ஒரே நாளில் குப்பைக்குத் திரும்பியது. இப்போதும் மாறியது விகிதம்தான், பொருள் அதேதான். அதற்குள் நான் சென்டரை மூடிவிட்டேன். செல்ஃபோன் வந்து அந்தத் தொழிலின் விகிதத்தையும் மாற்றிவிட்டிருந்தது.

பின்னாளில் அதே நிறுவனம் கொஞ்சம் பக்குவப்பட்டது. பழைய பதிப்பில் 2021 டிசம்பரில் சந்தை விற்பனைக்கு ஒரு சதவீத வரி போட்டு, அந்தப் பணத்தில் பொருட்களை வாங்கி அழிக்கத் தொடங்கினார்கள். 2025 மே மாதத்தில் அது இரண்டு சதவீதமானது. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் யாருடைய பெட்டியும் ஒரே இரவில் பாதியாகவில்லை.

பிழையாக வந்த அப்டேட், சொல்லி வந்த அப்டேட்

டயாப்ளோ 3 என்ற விளையாட்டில் நடந்தது வேறு ரகம். அதை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் 2012 ஜூனில் நிஜப் பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கூடத்தைத் திறந்தது. 2013 மே 7 அன்று வந்த 1.0.8 அப்டேட்டில் ஒரே ஏலத்தில் விற்கக்கூடிய தங்கத்தின் (அந்த விளையாட்டின் நாணயம் அதுதான்) அளவை 10 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக ஏற்றினார்கள். ஏலத்தை ரத்து செய்யும்போது கணக்கிடும் எண் 214 கோடியைத் தாண்டினால் உடைந்துவிடும் என்று யாரும் பார்க்கவில்லை. பொதுவாகக் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணுக்கு ஒதுக்கும் 32 பிட் இடத்தில் அடங்குவது 2,147,483,647 வரைதான். ரத்து செய்தால் போட்டதைவிட அதிகமாகத் தங்கம் திரும்பி வந்தது. சிலர் கோடி கோடியாக அச்சடித்தார்கள். ஏலக்கூடத்தை மூடி, கணக்குகளைத் தோண்டி, கள்ளத் தங்கத்தைத் திரும்ப எடுத்தார்கள். எல்லோருடைய விளையாட்டையும் முந்தின நாளுக்குத் திருப்பிவிடவில்லை, அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். அப்புறம் 2013 செப்டம்பரில், ஏலக்கூடம் விளையாட்டின் உயிரையே கெடுக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, 2014 மார்ச் 18 அன்று நிரந்தரமாக மூடினார்கள்.

ஆறு மாத அவகாசம். இதைத் தம்பியிடம் சொன்னபோது பெருமூச்சு விட்டான். ஐஸ்லாந்தின் ஈவ் ஆன்லைன் இதில் இன்னும் ஒழுங்கு. 2007லேயே ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்த நிறுவனம் அது. அதில் 'ப்ளெக்ஸ்' என்று ஒன்று உண்டு, நிஜப் பணம் கொடுத்து வாங்கி விளையாட்டுச் சந்தாவாகவும் உள்நாணயமாகவும் மாற்றலாம். 2017 மே மாதத்தில் ஒரு ப்ளெக்ஸை 500 சிறு ப்ளெக்ஸாகப் பிரித்தார்கள். முன்கூட்டியே சொல்லி, ஒன்று வைத்திருந்தவருக்கு 500 என்று தானாக மாற்றிக் கொடுத்தார்கள். தோவாளையில் ஓணத்துக்கு முன்பு பிச்சிப்பூ விலை ஏறுமே, அது போலத்தான். தேதி எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் மாரடித்துக்கொள்வதில்லை.

முன்கூட்டிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கத்தி அப்டேட்டை ஒரு மாதம் முன்னால் அறிவித்திருந்தால் சரிவு ஒரு மாதம் முன்னால் நடந்திருக்கும், அவ்வளவுதான். குளச்சல் பையனிடமிருந்து அந்தச் சிவப்பை யாராவது பெரிய வியாபாரி அன்றைக்கே வாங்கியிருப்பார். இந்த இடத்தில் எனக்கும் தம்பிக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை.

ஆச்சியின் சக்கரம்

எங்கள் ஆச்சி கடைசி வரை பணத்தைச் சக்கரம் என்றுதான் சொல்வாள். "கையில சக்கரம் இருக்கா மக்ளே?" இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தின் அன்றைய நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழியில் வந்தவை. திருவிதாங்கூர் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். ஆக 28 சக்கரம் திருவிதாங்கூர் ரூபாய் ஒன்று. ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் எட்டுக் காசும் வேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூட. நாற்பதுகளின் இறுதியில் அந்த நாணயமே வழக்கொழிந்தது. ஆச்சியின் தகரப் பெட்டியில் மீந்த சக்கரங்களை நாங்கள் சுண்டி விளையாடினோம்.

அரசாங்கம் அச்சடித்த சக்கரத்துக்கே அந்த நிலைமை என்று நான் ஆரம்பித்தபோது தம்பி இடைமறித்தான்: "மாமா, அதை மாத்தித் தந்தாங்கல்ல?" உண்மைதான். சக்கரத்துக்கு மாற்று விகிதம் எழுதியே இருந்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோதும் வரிசையில் நின்றால் வங்கி மாற்றிக் கொடுத்தது. கத்திக்கு அப்படி ஒரு ஜன்னல் கிடையாது.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய அப்டேட் நிறுவனத்திடமிருந்து வருவதில்லை, டெல்லியிலிருந்து வருகிறது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடையானபோது அதில் யூசி என்ற விளையாட்டுப் பணத்தை வாங்கிக் குவித்த பையன்கள் எத்தனை பேர் இந்த மாவட்டத்தில்! 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 14 அன்று ஃப்ரீ ஃபயர் தடையானபோது, அதில் டைமண்ட் என்ற விளையாட்டுப் பணம் வைத்திருந்தவர்கள் தடையாகாத ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் அதே கணக்கைத் திறந்து தப்பித்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. பணத்தால் வாங்கி, பணத்துக்கு ஈடாகக் கருதப்படும் நாணயம், டோக்கன் எல்லாவற்றையும் அது பணயம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. ஸ்கின் வியாபாரிகள் அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படித்துவைப்பது நல்லது.

இப்போது

அடுத்த வாரங்களில் கத்தி விலை கொஞ்சம் மேலே ஏறியது, முழுதாக இல்லை. சிவப்பு உச்சத்திலிருந்து இறங்கியது. இரண்டும் ஓரிடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. தம்பி கையுறை ஒன்றும் கத்தி இரண்டும் விற்று, சீட்டுப் பாக்கியைக் கட்டினான். மீதி மூன்று இருக்கிறது. அதில் ஒன்று சிவப்பு அரிதான பழைய பெட்டியுடையது. அதைப் பற்றி மட்டும் இன்னும் நம்பிக்கையாகப் பேசுகிறான்.

குளச்சல்காரன் வாலட்டில் கிடக்கும் பணத்தில் தம்பிக்கு ஒரு கேம் வாங்கிப் பரிசாக அனுப்பினான். அதற்கு ஈடாக மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில் குளச்சலுக்குப் போயிருக்கிறது. அந்த மாற்று விகிதத்தில் யாருக்கு லாபம் என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். திரையில் அவன் கையில் கத்தி சுழன்றது. இரண்டு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்த கத்தி அது.